வெறுங்குழாய்க்குள் குதிரைச் சக்தி

ஆர்எக்ஸ் 100 வண்டியின் சைலன்சருக்குள் இருப்பதை உருவி எறிந்துவிட்டால் வண்டி பறக்கும் என்று நம்பிய ஒரு தலைமுறை நம் ஊரில் இருந்தது. சத்தம் பறந்தது உண்மை. வண்டி பறந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பின்னால் தொங்கும் அந்தக் குழாய் சத்தத்தை அடக்கும் டப்பா மட்டுமல்ல. எஞ்சினின் பாதி அதுதான். பந்தயத் தடத்தில் இதை அடித்து நிரூபித்தவர் கிழக்கு ஜெர்மனியின் வால்ட்டர் காடன்.

டூ-ஸ்ட்ரோக்கின் பழைய வியாதியைச் சொன்னால்தான் மருந்தின் அருமை புரியும். இந்த எஞ்சினின் சிலிண்டரில் புகை வெளியேறும் வாசலும், புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை நுழையும் வாசல்களும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். அவற்றை மூடித் திறப்பது ஏறி இறங்கும் பிஸ்டன்தான். விளைவு, பந்தியில் உட்காராமலே பின்வாசல் வழியே போய்விடும் விருந்தாளியைப் போல, புதிய கலவையில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு போய்விடும். எளிமையானது, மலிவானது, ஆனால் ஊதாரி. பந்தயத்துக்கு இது ஆகாது என்று பலரும் ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து குழாயின் வடிவத்தில் இருந்தது. எஞ்சினிலிருந்து கிளம்பும் குழாய் மெல்ல விரிந்து, வயிறு பெருத்து, மறுபடி சட்டென்று குறுகி, ஒல்லியான வாலாக முடியும். புகை வாசல் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாயும். குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாக எதிரொலித்துத் திரும்பி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்துவிடும். அந்த இழுப்பில் புதிய கலவையும் கொஞ்சம் குழாய்க்குள் வந்துவிடும். அலையின் மிச்சம் முன்னேறிக் குறுகும் கூம்பில் மோதி, இம்முறை தள்ளும் அலையாகத் திரும்பும். வாசல் மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்து, தப்பியோடிய கலவையைக் கழுத்தைப் பிடித்து உள்ளே திணிக்கும். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு பம்ப்!

எல்லாம் நேரக் கணக்கு. நிமிடத்துக்கு 10,800 சுற்று என்றால் நொடிக்கு 180 சுற்று. ஒரு சுற்றில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் புகை வாசல் திறந்திருக்கும். நொடியை ஆயிரம் கூறிட்டால் மூன்று கூறுகூடத் தேறாது. சூடான புகைக்குள் அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். அந்த அவகாசத்தில் அது போய்வரக்கூடிய மொத்தத் தூரம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. குழாயின் நீளத்தில் சில சென்டிமீட்டர் பிசகினாலும் அலை வேளைகெட்ட வேளையில் வந்து நிற்கும். குறைந்த வேகத்தில் மந்தமாகக் கிடந்த வண்டி ஒரு கட்டத்தில் திடீரென்று எகிறிப் பாய்வதன் ரகசியமும் இதுதான்.

1919இல் சாக்சனியில் பிறந்த காடன், போர்க்காலத்தில் ஹென்ஷல் நிறுவனத்தின் ஏவுகணைப் பணியில் இருந்தவர். 1953இல் சோப்பாவ் நகரில், பின்னாளில் எம்.இசட். என்று பெயரெடுத்த ஆலையின் பந்தயப் பிரிவை ஏற்றார். நல்ல உலோகத்துக்கும் உதிரிபாகத்துக்கும் அல்லாடிய இடம் அது. குழாயின் அதிசயத்தை முதலில் கண்டவர் அவரல்ல. மேற்கு ஜெர்மனியில் எரிக் வொல்ஃப் அதை முன்பே கவனித்திருந்தார். கலவையை உள்ளே விடும் சுழல் தகடு வால்வும் டேனியல் சிம்மர்மனின் கைவண்ணம். காடன் இவற்றை ஒன்று சேர்த்தார். குழாய்க்குள் அலை ஆடும் ஆட்டத்தை ஆசிலோஸ்கோப் திரையில் பார்த்துப் பார்த்து வடிவத்தைத் திருத்தினார். கலவை நுழைய மூன்றாவது வாசல் ஒன்றைத் திறந்து, பிஸ்டன் தலையின் சூட்டையும் தணித்தார். என்னைக் கேட்டால், கண்டுபிடித்தவரைவிட இப்படி உட்கார்ந்து அளந்தவரையே பெரியவர் என்பேன்.

1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைச் சக்தி தந்தது. லிட்டர் கணக்கில் 200. காற்றை அழுத்தித் திணிக்கும் தனிக்கருவி இல்லாத எந்த எஞ்சினும் அதுவரை அங்கே எட்டியதில்லை. கால் நூற்றாண்டு கழித்து நம் சாலைக்கு வந்த ஆர்எக்ஸ் 100 அதைவிடச் சற்றுச் சிறிய எஞ்சினில் தந்தது 11.

அதே 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயம். எம்.இசட். வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்தின் விளிம்பில் நின்றார். எஞ்சின் நடுவழியில் கைவிட்டது. அன்று அவர் நாடு திரும்பவில்லை. மனைவியும் பிள்ளைகளும் காரின் டிக்கியில் ஒளிந்து ஏற்கெனவே எல்லை தாண்டியிருந்தார்கள். பட்டம் ஹோண்டாவின் டாம் ஃபிலிஸுக்குப் போனது. காடனின் நுட்பம் டெக்னரோடு ஜப்பானுக்கு, சுசுகி ஆலைக்குப் போனது. மறு ஆண்டே 50 சிசி பிரிவில் சுசுகிக்கு முதல் உலகப் பட்டம், ஓட்டியவர் டெக்னர்.

காடன் சோப்பாவிலேயே இருந்தார். பந்தய எஞ்சின்களைத் தொடர்ந்து செதுக்கிக்கொண்டிருந்தார், 1996இல் மறைந்தார். ஜப்பானின் சுசுகா தடத்தில் டெக்னர் சறுக்கி விழுந்த வளைவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஃபார்முலா ஒன் கார்கள் இன்றும் அதைச் சுற்றித்தான் போகின்றன.