கொழும்பின் பசுமைச் சான்றிதழும் யாழ்ப்பாணத்துக் கிணறும்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்ட நினைப்பவர் பிளானோடு போய் நிற்கும் இடம் பிரதேச சபை. பட்டினம் என்றால் மாநகர சபை அல்லது நகர சபை. எல்லையிலிருந்து எவ்வளவு விட்டிருக்கிறது, வீதிக் கோட்டுக்குள் மதில் வருகிறதா, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் போதிய தூரம் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். பெரும்பாலும் கேள்விகள் அதோடு முடிந்துவிடும். கூரை எவ்வளவு சூட்டை வீட்டுக்குள் இறக்கும், மாரி மழை எங்கே போய்ச் சேரும், குழியின் அடித்தளம் எதனால் கட்டப்படும் என்பவை வீட்டுக்காரருக்கும் மேசனாருக்கும் விட்ட விஷயங்கள்.

இந்தக் கேள்விகளை அனுமதிப் படிவத்துக்குள் கொண்டுவருவதுதான் பசுமைக் கட்டடத் தரநிலையின் வேலை. இலங்கையில் அப்படியொரு தரநிலை இல்லாமல் இல்லை. ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அவை எழுதப்பட்ட விதத்தில் குடாநாட்டின் சாதாரண வீடு அவற்றின் கண்ணில் படவேயில்லை.

ஒரு நாடு இத்தகைய தரநிலைக்கு வந்து சேரும் பாதை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலில் தன்னார்வச் சான்றிதழ் வரும். பிரித்தானியாவில் 1990இல் பிரீயம் அப்படித்தான் வந்தது. அமெரிக்காவின் லீட் அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்தது. விரும்பிய முதலாளி காசு கட்டி மதிப்பீடு செய்விப்பார், புள்ளிகள் கிடைக்கும், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பலகை மாட்டுவார். அடுத்து அரசு தன் சொந்தக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கும். அதன் பிறகே தனியாருக்குச் சட்டம் வரும். சிங்கப்பூர் 2005இல் பசுமைக் குறியைத் தன்னார்வமாகத் தொடங்கி, 2008இல் பெரிய புதுக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்கியது. மூன்றே வருடம்.

இலங்கையும் அந்தப் பாதையில்தான் நடந்தது. ஜெப்ரி பாவா வடிவமைத்த கந்தளம ஹோட்டல் 2000ஆம் ஆண்டளவிலேயே லீட் சான்றிதழ் பெற்றது. 2008இல் துல்ஹிரியவிலும் சீதுவையிலும் ஆடைத் தொழிற்சாலைகள் பிளாட்டினம் பெற்றன. அவற்றின் வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். அவர்கள் கேட்டதால் தொழிற்சாலைகள் மாறின. பிறகு இலங்கைப் பசுமைக் கட்டட மன்றம் உள்நாட்டுக்கென ஒரு மதிப்பீட்டு முறையை உருவாக்கியது. 2017இல் நகர அபிவிருத்தி அதிகார சபை தன் வழிகாட்டியை வெளியிட, புதிய அரச கட்டடங்கள் அதன்படி பசுமைச் சான்றிதழ் பெறவேண்டும் என்று அமைச்சரவையும் முடிவெடுத்தது.

மின்சாரத்துக்கு வேறொரு கோவை இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிலைபெறுதகு வலுசக்தி அதிகாரசபை, 2008இல் கட்டட வலுசக்திக் கோவையை வெளியிட்டது. அது யாருக்குப் பொருந்தியது என்று பாருங்கள்: நான்கு மாடி அல்லது அதற்கு மேல், 500 சதுர மீற்றர் தளப்பரப்பு, 100 கிலோவோல்ட் அம்பியர் மின் தேவை, 350 கிலோவாட் வளிச்சீராக்கம். இவற்றில் ஒன்றாவது உள்ள கட்டடங்களுக்கு. கொழும்பின் கண்ணாடிக் கோபுரங்களுக்கு அது தேவையான கோவைதான். ஆனால் கொடிகாமத்திலோ அளவெட்டியிலோ இரண்டு அறையும் விறாந்தையும் வைத்துக் கட்டுகிறவருக்கு அதில் ஒரு வரிகூட இருக்கவில்லை.

நமக்கு ஏன் தனிக் கோவை வேண்டும் என்பதற்குப் பதில் காலுக்குக் கீழே இருக்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலிலிருந்து வந்த உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகிறது. வருடம் முழுவதும் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதிலிருந்துதான். மண் வடிகட்டுவதைப் போல இந்தக் கல் வடிகட்டாது. வெடிப்புக்குள் விழுந்தது விழுந்தபடி ஓடும். அடியில்லாத மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அப்படியே ஓடுகிறது. கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. தோட்டத்து உரம் அதற்குப் பெரிய காரணம், குழிகள் மற்றக் காரணம். உலக சுகாதார அமைப்பு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். போத்தலில் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அதற்கு மேல் ஆபத்து. சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் அந்த நிலையத்தை நடத்திய நிறுவனம் நட்டஈடு கட்டவேண்டும் என்ற தீர்ப்போடு முடிந்தது. ஓரிடத்தில் மேலே விடுவது அயலெல்லாம் கீழே போகும் என்பதை வலிகாமம் அதிலேயே கற்றுக்கொண்டது.

ஆகவே யாழ்ப்பாணத்தில் பசுமைக் கட்டடம் என்பதன் முதல் அளவு நீர். கொழும்பில் மின்சாரம் பிடிக்கும் இடத்தை இங்கே கிணறு பிடிக்கவேண்டும். மதிப்பீட்டுப் புள்ளிகள் அப்படிப் பகிரப்படவில்லை என்பதே என் குறை.

கூரை மழைக்கு வருவோம். இலங்கைக்கு 2005இலிருந்தே தேசிய மழைநீர்க் கொள்கை இருக்கிறது. 2007இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் அதற்காகத் திருத்தப்பட்டது. போருக்குப் பின் இந்திய உதவியில் கட்டிய வீடுகளின் அளவான 550 சதுர அடியை எடுங்கள். வருடத்துக்கு 1200 மில்லிமீற்றர் மழை என்றால் அந்தப் பரப்பில் மட்டும் ஏறத்தாழ 61,000 லீற்றர் விழுகிறது. ஐந்தில் ஒன்று வீண்போனாலும் 49,000 லீற்றர் மிச்சம். பழைய நாற்சார் வீட்டில் நான்கு தாழ்வாரமும் முற்றத்தை நோக்கிச் சரிந்தன, பீலி வைத்து நீரைப் பிடித்தார்கள். அந்த வீட்டுக்குத் திரும்புவோம் என்று நான் சொல்லவரவில்லை. அது காணியும் வசதியும் உள்ளவரின் வீடு, ஏழையின் வீடு மண்சுவரும் கிடுகும்தான். பீலியும் தொட்டியும் உறிஞ்சு குழியும் மட்டும் எல்லா வீட்டுக்கும் வரவேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, ஓகஸ்ட் 31 வரை தவணை கொடுத்தார்கள். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்றார்கள். சட்டத்துக்குத் தவணையும் தண்டனையும் இருந்ததால் சனம் செய்தது. பராமரிப்பு பிறகு தளர்ந்தது, அது வேறு பாடம்.

தரநிலை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2015–16இல் வடக்கே கண்ணால் கண்டது. அந்நேர மீள்குடியேற்ற அமைச்சு, ஆர்சலர் மித்தல் நிறுவனத்தின் 65,000 உருக்கு வீடுகளை வடக்கு கிழக்குக்குக் கொண்டுவர முனைந்தது. ஒரு வீட்டுக்குச் செலவு 21 இலட்சம் ரூபா. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் பயனாளிக்குக் கொடுத்தது ஐந்தரை இலட்சம். அதை வைத்து அவர்களே மேசன் பிடித்துக் கல்வீடு கட்டினார்கள். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரியது. மாதிரி வீடுகளைப் பார்த்த சனமும் பொறியியலாளர்களும் அரசியல்வாதிகளும் கேட்ட கேள்விகள் எளிமையானவை: பங்குனி சித்திரை வெயிலில் உள்ளே இருக்க முடியுமா? காற்று எங்கால் வரும்? கடற்காற்றில் எத்தனை வருடத்தில் துருப்பிடிக்கும்? அறை கூட்டவேண்டுமென்றால் யார் கூட்டுவது? அந்தக் கேள்விகளுக்கு அளந்து பதில் சொல்ல, வீட்டுக்கென ஒரு வெப்பத் தரநிலை சட்டத்தில் இருக்கவில்லை. வாதம் பத்திரிகைகளிலும் பாராளுமன்றத்திலும் நடந்து, கடைசியில் அந்த 65,000 கைவிடப்பட்டது. மக்கள் விழிப்பாக இருந்ததால் தப்பினோம். அடுத்த முறையும் அப்படித் தப்புவோம் என்று யாரும் உறுதி தரமுடியாது.

எழுதிய விதியைக் காப்பாற்றுவதும் லேசில்லை. அஸ்பெஸ்டஸ் சீற் இறக்குமதியை 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்படுத்த அரசு தீர்மானித்திருந்தது. எல்லாவகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் ஏற்றுமதியில் முன்னணி நாடு ரஷ்யா. சில நாட்களுக்குள் கட்டுப்பாடு தள்ளிவைக்கப்பட்டது, தேயிலைக்கும் வழி திறந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளியின் வருமானமும் நம் வீட்டுக் கூரையும் ஒரே மேசையில் பேரம் பேசப்பட்டன. தரநிலை பொறியியலாளரின் கணக்கில் பிறந்தாலும் வாழ்வதும் சாவதும் அரசியலில்தான்.

இனி உள்ளூருக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைகளுக்குத் துணைவிதி ஆக்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. சபை தீர்மானம் நிறைவேற்றி, மேலிட ஒப்புதல் பெற்று, வர்த்தமானியில் வெளியிட்டால் அது சட்டம். யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை என்று பதினேழு சபைகள். 2023 மார்ச்சில் கலைந்தவை 2025 மே 6 தேர்தலுக்குப் பின் மீண்டும் உறுப்பினரோடு இயங்கத் தொடங்கின.

அந்த உறுப்பினர்களிடம் கேட்க நீளமான பட்டியல் தேவையில்லை. பீலியும் உறிஞ்சு குழியும் இல்லாத பிளானுக்கு அனுமதி கொடுக்காதீர்கள். மலசலகூடக் குழியின் அடியும் சுவரும் நீர் கசியாமல் கட்டப்பட்டதை, மண் மூடுமுன் உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் பார்க்கட்டும். அமைவுச் சான்றிதழை அதன் பிறகு கொடுங்கள். எதிரெதிர்ச் சுவரில் யன்னல் கேளுங்கள். வறிய குடும்பத்துக்குக் குழியின் மேலதிகச் செலவில் ஒரு பங்கைச் சபை ஏற்கட்டும், இல்லாவிட்டால் விதி ஏழையை மட்டும் தண்டிக்கும். பதினேழு சபையும் ஒரே வாசகத்தை நிறைவேற்றட்டும், ஏனென்றால் கீழேயுள்ள நீருக்குச் சபை எல்லை கிடையாது. இந்த வருடம் வீடு தொடங்க இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: துணைவிதி வரும்வரை காத்திருக்காமல், உங்கள் பிளானில் பீலியையும் கசியாத குழியையும் இப்போதே வரையச் சொல்லுங்கள்.