வீட்டுக் கணக்கு: மொபைல் ஆப்பா, எக்செல் ஷீட்டா?



கல்வி உதவி, மருத்துவ உதவி, வட்டியில்லாக் கடன் ஆகியவற்றுக்கு நமது டிரஸ்ட் தரும் விண்ணப்பத்தில் 'மாத வரவு செலவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கட்டம்தான் காலியாக வந்து சேரும். கேட்டால், "வருது, போவுது பாய். எங்க எழுதி வைக்கிறது?" என்பார்கள். அண்மைக் காலமாக இளைஞர்கள் சிலர் வேறு கேள்வியோடு வருகிறார்கள். "கணக்கு எழுத ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். ஆப் நல்லதா, எக்செல் நல்லதா?" எழுத வேண்டும் என்ற எண்ணம் வந்ததே பெரிய விஷயம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சபுராளியாக இருந்த சகோதரர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்த இடத்தில் திடீரென மவ்த்தானார். கொடுக்கல் வாங்கலில் மிகவும் கவனமானவர். எல்லாவற்றையும் தமது போனில் ஒரு ஆப்பில் பதிந்து வைத்திருந்தார். ஜனாஸா தொழுகைக்கு முன், "மய்யித்துக்கு யாரேனும் கடன் கொடுத்திருந்தால் வாரிசுகளிடம் சொல்லுங்கள்" என்று வழக்கம்போல அறிவித்தோம். மூன்று பேர் வந்து சொன்னார்கள். அது சரியா, அவர் ஏற்கெனவே அடைத்துவிட்டாரா, அவருக்கு யார் தர வேண்டும் என்று எதுவுமே வீட்டாருக்குத் தெரியவில்லை. ஆப் அவருடைய கைரேகைக்கு மட்டுமே திறக்கும். ரகசிய எண்ணை யாரும் அறியவில்லை. சொத்தைப் பங்கிடும் முன் கடனை அடைத்தாக வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். கணக்கு இருந்தும் அதைப் பார்க்க வழியில்லாமல் அந்தக் குடும்பம் பல மாதம் தவித்தது.

ஆகவே எந்த ஆப், எந்த ஷீட் என்பதைவிட, 'யாருடைய பணம், யாருக்கு எவ்வளவு' என்பதை அது காட்டுமா, நாம் இல்லாதபோது வீட்டார் அதைத் திறக்க முடியுமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆப் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

வரவு செலவு ஆப்களில் சிலவற்றில் நாமே ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். வேறு சில, வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்களைப் படித்துத் தாமாகவே பிரித்துக்கொள்ளும். மாதச் சம்பளக்காரர், எல்லாச் செலவையும் ஜிபே வழியாகவே செய்பவர் என்றால் இந்த இரண்டாம் வகை பயன்படும். ஹோட்டல் பார்சலுக்கும் ரீசார்ஜுக்கும் பெட்ரோலுக்கும் போன தொகை மாதக் கடைசியில் கண்முன் நிற்கும்.

ஆனால் நமது குடும்பங்களின் நிலை பல நேரம் வேறு. ஏடிஎம்மில் எடுத்த பத்தாயிரம் ரூபாய், ஆப்புக்கு ஒரே வரி. அது மீன்காரருக்கும் பால்காரருக்கும் மதரஸா கட்டணத்துக்கும் போனது அதற்குத் தெரியாது. துபாயிலிருந்து தம்பி ஐம்பதாயிரம் அனுப்பி, "நாற்பது உம்மாவுக்கு, பத்து லாத்தா வீட்டுக்கு" என்கிறார். நம்மிடம் அது அமானத். ஆப் அதை நமது வருமானமாக எழுதும். கைமாற்றாக வாங்கிய கடனும் அப்படியே. சேமிப்புக் கணக்கில் வங்கி போடும் வட்டியையும் வருமானத்தோடு சேர்த்துவிடும். அதைத் தனியே பிரித்து அப்புறப்படுத்த வேண்டியவர்கள் நாம். ஒவ்வொன்றையும் திறந்து கையால் திருத்த வழி உண்டுதான். அதைச் செய்யாவிட்டால் மாதக் கடைசியில் வரும் மொத்தம் பொய்க் கணக்கு.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஆப் என்பது இன்னொருவர் நடத்தும் கடை. அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்திய மின்ட் என்ற கணக்குச் சேவையை அதன் நிறுவனம் 2024இல் மூடிவிட்டது. எனவே பதிவுகளை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள வசதியில்லாத ஆப் வேண்டாம். அடுத்து, கணக்கு எழுதத் தருகிறோம் என்று வந்து கொஞ்ச நாளில் "உடனடிக் கடன் தயார்" என்று வட்டிக்கு அழைக்கும் ஆப்களும் உண்டு. கடன் ஆப்கள் நமது போனிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி வகுத்தது. ஒரு ஆப் அவற்றைக் கேட்டால் 'அனுமதி' பொத்தானை அழுத்தாமல் நீக்கிவிடுங்கள்.

எக்செல் ஷீட்டின் நன்மையும் குறையும்

ஷீட்டில் கட்டங்களை நாமே அமைக்கலாம். நாம் பரிந்துரைப்பது ஆறு கட்டங்கள்: தேதி, விவரம், வரவு, செலவு, ரொக்கமா வங்கியா, யாருடைய பணம். கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதில் 'நமது', 'அமானத்', 'கடன்', 'வட்டி' என்ற நான்கில் ஒன்றை எழுதினால் போதும். தம்பி அனுப்பிய ஐம்பதாயிரம் இனி நமது வருமானத்தில் கலக்காது.

இரண்டாவது பக்கம் கடனுக்கு. யாரிடம், எவ்வளவு, என்று வாங்கியது, என்று தர வேண்டியது, சாட்சி யார், இதுவரை அடைத்தது எவ்வளவு என்று எழுதுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது பக்கம் ஜகாத்துக்கு. ஆப்கள் ஜனவரி, பிப்ரவரி என்று எண்ணும். ஜகாத்துக்கு ஹிஜ்ரி ஆண்டு. நிஸாப் நிறைந்த தேதியை ஒரு கட்டத்தில் எழுதி, அதனுடன் 354ஐக் கூட்டச் சொன்னால் அடுத்த ஜகாத் தேதி வந்துவிடும். பிறை பார்த்து ஒரு நாள் முன்பின் சரிசெய்துகொள்ளலாம். ரொக்கம், வங்கி இருப்பு, வியாபாரச் சரக்கு, திரும்பி வரும் என்று உறுதியான கடன் எல்லாவற்றையும் கூட்டி, உடனே தர வேண்டிய கடனைக் கழித்து, இரண்டரை சதவீதம் எடுங்கள். நான்கு லட்சம் மிஞ்சினால் ஜகாத் பத்தாயிரம். கடனைக் கழிப்பதிலும் அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதிலும் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உள்ளதால், உங்கள் ஆலிமிடம் கேட்டு அதன்படி கட்டங்களை அமையுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஷீட் தானாக எதையும் எழுதாது. மொத்தம் வரும் கட்டத்தில் தவறுதலாக ஒரு எண்ணை அடித்துவிட்டால் கூட்டல் அழிந்துபோகும். முப்பது வரி வரை கூட்டச் சொல்லிவிட்டு முப்பத்தொன்றாவது வரியில் எழுதினால் அது விடுபடும். இதைத் தவிர்க்க, மொத்தத்தைத் தனிப் பக்கத்தில் வைத்து, முழுப் பத்தியையும் கூட்டும்படி எழுதுங்கள். போனில் சிறு கட்டங்களில் தட்டுவதும் சிரமம். அதற்கு கூகுள் ஃபார்ம் ஒன்று செய்து ஷீட்டோடு இணைத்துவிட்டால், வீட்டில் யார் செலவு செய்தாலும் தமது போனிலிருந்தே நிரப்பி அனுப்பலாம். வரிகள் தாமாக ஷீட்டில் சேரும். இதற்குக் கட்டணம் கிடையாது.

யாருக்கு எது?

ஒரே சம்பளம், ஒரே வங்கிக் கணக்கு, ரொக்கச் செலவு குறைவு, இதுவரை எழுதிய பழக்கமே இல்லை என்பவர்கள் ஆப்பில் தொடங்கலாம். மாதக் கடைசியில் பதிவுகளை ஷீட்டுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். சபுராளி வீடுகள், கடை வைத்திருப்போர், தினக்கூலி பெறுவோர், பிறர் பணம் கைவழியே போகும் குடும்பங்கள், ஜகாத் கடமையானவர்கள் ஆகியோருக்கு ஷீட்டே பொருத்தம். இரண்டுமே கைவராத பெரியவர்களுக்கு அதே ஆறு கட்டங்கள் போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். இஷா தொழுகைக்குப் பின் ஐந்து நிமிடம் எழுதுகிற நோட்டு, திறக்கப்படாத ஆப்பைவிட மேலானது.

எதைத் தேர்ந்தாலும் இன்றே ஒன்று செய்யுங்கள். ஷீட் என்றால் மனைவி, கணவர், வயது வந்த பிள்ளை என நம்பிக்கையான ஒருவருக்காவது 'பகிர்' பொத்தான் வழியே கொடுத்துவிடுங்கள். பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தாலும் போதும். ஆப் என்றால் ரகசிய எண்ணை உறையிலிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். வங்கிக் கடவுச்சொல்லையும் ஏடிஎம் பின் எண்ணையும் மட்டும் ஷீட்டில் எழுத வேண்டாம்.

மேலே சொன்ன மூன்று பக்க மாதிரி ஷீட் நமது அலுவலகத்தில் இருக்கிறது. போனைக் கொண்டுவந்தால் ஏற்றித் தருகிறோம். நோட்டில் கட்டம் போட்டும் தருகிறோம். இதற்கு உதவி கேட்டு விண்ணப்பித்தவராக இருக்க வேண்டியதில்லை.

நமது பொருளின் கணக்கை இலேசாக்கி, நமது அமானத்களை உரியவர்களிடம் சேர்க்கும் வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

செயலாளர்