மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி என்பது, அலகு ஓர் அச்சாணியைச் சுற்றித் திரும்பிக் கைப்பிடியின் பள்ளத்துக்குள் மடங்கி அடங்குமாறு அமைந்த கத்தி ஆகும். மடக்கிய நிலையில் கூர்முனை வெளியே தெரியாததால் இதற்கு உறை தேவையில்லை. சட்டைப்பையிலோ இடுப்பு மடியிலோ வைத்து எடுத்துச் செல்லலாம். இவ்வகையில் சிறியது பேனாக்கத்தி எனப்படுகிறது. இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பயன்பட்டதால் அப்பெயர் ஏற்பட்டது. கன்னடத்திலும் தெலுங்கிலும் வழங்கும் சாக்கு என்னும் சொல், தமிழில் கோணிப்பையைக் குறிக்கும் சாக்கிலிருந்து வேறானது; அது பாரசீக வழியாக வந்து கத்தியைக் குறிப்பது.

தோட்ட வேலை, ஆடு மேய்த்தல், மலையேற்றம் போன்ற கரடுமுரடான வெளிப்புறப் பயன்பாட்டுக்கு மடக்குக் கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது பூட்டு, எஃகு, அலகின் வடிவம் ஆகிய மூன்றும் முதன்மையாகக் கருதப்படுகின்றன. குறைந்த விலைக் கத்திகளில் இவற்றின் தரம் பெரிதும் வேறுபடும். பூட்டு விலகினால் அலகு விரல்களின் மீதே மடங்கும் என்பதால் இத்தேர்வு பாதுகாப்புத் தொடர்பானதும் ஆகும்.

அமைப்பு

மடக்குக் கத்தியின் முதன்மை உறுப்புகள் நான்கு. வெட்டும் பகுதி அலகு ஆகும். அலகின் அடியில் கைப்பிடிக்குள் இருக்கும் கூரற்ற பகுதி வால் எனப்படும். வாலையும் கைப்பிடியையும் இணைப்பது அச்சாணி. விரித்த அலகைத் தன் இடத்தில் நிறுத்துவது முதுகுவில் அல்லது பூட்டு.

நிலையான கத்தியில் அலகும் வாலும் கைப்பிடியின் இறுதிவரை ஒரே எஃகுத் துண்டாக ஓடக்கூடும். மடக்குக் கத்தியிலோ வெட்டும் விசை முழுவதும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அச்சாணியின் மீது விழுகிறது. எனவே எவ்வளவு விலையுயர்ந்த மடக்குக் கத்தியும் நெம்புவதற்கும் கொத்துவதற்கும் ஏற்றதன்று. அவ்வேலைகளுக்கு அரிவாளும் கொடுவாளுமே உரியவை.

வரலாறு

ஐரோப்பாவில் ஆசுத்திரியாவின் ஆல்சுடாட் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மடக்குக் கத்தி மிகப் பழையவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. உரோமானியர் காலத்திலும் இவ்வகைக் கத்திகள் பரவலாக இருந்தன.

உழைக்கும் மக்களுக்கான மலிவான மடக்குக் கத்திகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல நாடுகளில் உருவாயின. பிரான்சின் சவாய் பகுதியில் 1890இல் யோசப் ஒப்பினெல் உழவர்களுக்காக மரக் கைப்பிடியுடைய எளிய கத்தியை வடிவமைத்தார். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1891இல் படைவீரர்களுக்கு மடக்குக் கத்திகளை வழங்கத் தொடங்கினார். அதன் வழிவந்ததே பின்னாளில் விக்டோரினாக்சு என அறியப்பட்ட பல்கருவிக் கத்தி. சப்பானின் மிக்கி நகரில் அதே காலகட்டத்தில் தோன்றிய இகோனோகாமி, பூட்டே இல்லாத கத்தி. இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் நகரம் மடக்குக் கத்திக்குப் பெயர்பெற்றது.

தமிழ்நாட்டில் மடக்குக் கத்தியைவிட அரிவாள் வகைகளே வழக்கில் மிகுதி. எனினும் எஃகுத் தொழிலில் இப்பகுதிக்கு நீண்ட வரலாறு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் இரும்புக் காலத்தின் பழமை கி.மு. 2172 எனக் காலக்கணிப்பில் தெரியவந்தமை 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. சேலம் மாவட்டத்தில் கஞ்சமலையின் இரும்புத்தாது பழங்காலம் தொட்டு உருக்கப்பட்டது. அங்கு 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்குப் பெயர்பெற்றது.

பூட்டு வகைகள்

உராய்வு வகை: பூட்டோ வில்லோ இல்லாதது. அச்சாணியின் இறுக்கமும் கைப்பிடியை அழுத்திப் பிடிக்கும் உள்ளங்கையுமே அலகை நிறுத்துகின்றன. விலை மிகக் குறைவு. சீவுவதற்குப் போதுமானது.

முதுகுவில் வகை: அலகின் வாலை ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும். சற்று விசை கொடுத்தால் மடங்கிவிடும். பேனாக்கத்திகளும் பெரும்பாலான பல்கருவிக் கத்திகளும் இவ்வகையின. குத்தித் துளையிட இது ஏற்றதன்று.

வளையப் பூட்டு: கைப்பிடியின் கழுத்தில் உள்ள உலோக வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்கும் வழி அடைபடும். ஒப்பினெல் கத்தியில் 1955இல் இது சேர்க்கப்பட்டது. உறுப்புகள் குறைவு, மண் புகுந்தாலும் துடைத்து எடுப்பது எளிது. வளையத்தைத் திருப்ப மறந்தால் பூட்டு இல்லாத கத்திக்குச் சமமாகிவிடும்.

முதுகுப் பூட்டு: கைப்பிடியின் முதுகிலுள்ள நெம்புகோலின் கொக்கி, வாலின் வெட்டில் விழுந்து நிற்கும். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1960களில் வெளியிட்ட 110 என்னும் கத்தியால் இது பரவலாயிற்று. உறுதியானது. ஆனால் கொக்கி விழும் வெட்டில் மண்ணோ பிசினோ அடைத்துக்கொண்டால் முழுமையாகப் பூட்டாது.

உட்தகட்டுப் பூட்டு: கைப்பிடியின் உள்ளே உள்ள தகட்டின் ஒரு பகுதி வில்போல நகர்ந்து வாலின் பின்னே நின்றுகொள்ளும். ஒரே கையால் திறக்கவும் மூடவும் இயலும். இன்று சந்தையில் உள்ள மலிவான கத்திகளில் இதுவே மிகுதி. மலிவுப் பதிப்புகளில் தகடு மெல்லியதாகவும் மென்மையானதாகவும் இருப்பதால், தேய்ந்து நழுவும் ஆபத்தும் இவ்வகையிலேயே கூடுதல்.

அலகின் எஃகு

கத்தி எஃகு இரு பெரும் பிரிவுகளில் அடங்கும். கரிம எஃகில் இரும்புடன் ஏறத்தாழ 0.5 முதல் 1 விழுக்காடு வரை கரிமம் இருக்கும். எளிதில் தீட்டலாம், நல்ல கூர் பெறும், ஆனால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கும். பெயர் எவ்வாறாயினும், உப்பும் ஈரமும் தொடர்ந்து பட்டால் இதுவும் ஓரளவு துருப்பிடிக்கக்கூடியதே.

துருப்பிடிக்காத எஃகு அனைத்தும் கத்திக்கு ஏற்றவை அல்ல. சமையல் பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகை எஃகை வெப்பப் பதப்படுத்தலால் கடினமாக்க இயலாது. அதில் செய்த அலகு சில வெட்டுகளிலேயே மழுங்கும். 420 வகை கடினமாக்கத்தக்கது. கரிமம் குறைவென்பதால் கூர் நெடுநேரம் நிற்காது, ஆயினும் எளிதில் உடையாது. ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரிமமுள்ள 12சி27, 0.8 விழுக்காடு கரிமமுள்ள 8சிஆர்13 ஆகியவை குறைந்த விலைக் கத்திகளில் நடுத்தரமான, நம்பத்தக்க எஃகுகள். 440சி வகையில் கரிமம் 1 விழுக்காட்டை ஒட்டியிருக்கும்.

காந்தத்தைக் கொண்டு எஃகைச் சோதிக்கும் வழக்கம் உண்டு. காந்தம் ஒட்டினால் அது துருப்பிடிக்கும் இரும்பு என்பது தவறான கருத்து. கத்திக்குரிய துருப்பிடிக்காத எஃகுகளும் காந்தத்தால் ஈர்க்கப்படுபவையே. மாறாக, அலகில் காந்தம் சற்றும் ஒட்டாவிடில் அது பெரும்பாலும் பாத்திர எஃகாக இருக்கும்; அதைத் தவிர்ப்பது நல்லது.

எஃகின் வகையைவிட வெப்பப் பதப்படுத்தல் முதன்மையானது. சிவக்கக் காய்ச்சித் தோய்க்கும்போது எஃகு கடினமாகிறது. பின்னர் மிதமான சூட்டில் வாட்டும்போது நொறுங்கும் தன்மை குறைகிறது. வன்மை ராக்வெல் சி அளவுகோலால் குறிக்கப்படும். வெளிப்புறக் கத்திக்கு 55 முதல் 58 வரை பொருத்தமானது. 60ஐக் கடந்தால் கூர் நீடிக்கும், ஆனால் கல்லிலோ கம்பியிலோ பட்டால் விளிம்பு சிதறும், தீட்டுவதும் கடினம்.

அலகின் வடிவமும் அளவும்

பெரும்பாலான வேலைகளுக்கு 7 முதல் 10 செ.மீ. வரை நீளமும் 2 முதல் 3 மி.மீ. வரை முதுகுத் தடிமனும் உள்ள அலகு போதும். இதைவிடத் தடித்த அலகு வலிமையானதாகத் தோன்றினாலும், பழத்தையோ கயிற்றையோ வெட்டும்போது ஆப்புப்போல் பிளக்குமே தவிர எளிதில் இறங்காது. முதுகு சற்றுத் தாழ்ந்து முனையில் முடியும் எளிய வடிவமே பலவற்றுக்கும் பயன்படும்.

பற்களுடைய விளிம்பு நைலான் கயிற்றை விரைவாக அறுக்கும். ஆனால் ஊரிலுள்ள சாணைக்கல்லில் அதைத் தீட்ட இயலாது. ஆகவே எங்கும் தீட்டத்தக்க நேர் விளிம்பே சிற்றூர்ப் பயன்பாட்டுக்கு ஏற்றது. விளிம்பின் கோணம் பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகை இருப்பது கூர்மைக்கும் உறுதிக்கும் இடைப்பட்டதாகும்.

கல்லாவி வட்டாரத்தில் பயன்பாடு

கல்லாவி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள ஊர். மா, புளி, தென்னை ஆகியவற்றுடன் ஆடு வளர்ப்பும் நடைபெறும் இவ்வறண்ட வட்டாரத்தில் கத்தியின் தேவை பலவகைப்படும். சொட்டுநீர்க் குழாயை நறுக்குதல், உரச்சாக்கின் தையலை அறுத்தல், கயிறு வெட்டுதல், மாங்காயின் காம்பை நறுக்குதல், ஆட்டுக்குத் தழை கழித்தல் ஆகியவை அன்றாடம் நிகழ்வன. கர்நாடக எல்லையிலுள்ள ஓசூர் தொழிற்பேட்டைகளில் சரக்குக் கட்டுகளைப் பிரிப்பதற்கும் கத்தி தேவைப்படுகிறது. ஆயினும் அட்டைப்பெட்டி வெட்டுவதற்கு அலகை மாற்றத்தக்க மலிவான வெட்டுக்கத்தியே பொருத்தமானது.

இவ்வட்டாரத்தின் விளைபொருள்கள் எஃகைச் சோதிப்பவை. மாங்காய்ப் பாலும் புளியின் அமிலமும் கரிம எஃகைச் சில நிமிடங்களில் கறுக்கச் செய்யும். துடைக்காமல் விட்டால் அரிக்கும். புளியின் பிசுபிசுப்பு அச்சாணியிலும் பூட்டிலும் சேர்ந்து, உலர்ந்தபின் அலகை இறுக்கிவிடும். எனவே மா, புளித் தோப்புகளில் புழங்கும் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகும், தண்ணீரில் கழுவத்தக்க திறந்த கைப்பிடியும் ஏற்றவை. வறண்ட நிலத்தில் ஆடு மேய்ப்பவருக்குக் கரிம எஃகே போதும்.

போச்சம்பள்ளியை அடுத்த சந்தூர் மாங்கன்று வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. ஒட்டுக்கட்டப் பயன்படும் ஒட்டுக்கத்தியும் பெரும்பாலும் மடக்குக் கத்தியே. அதன் அலகு ஒரு பக்கம் மட்டும் தீட்டப்பட்டிருக்கும். வெட்டு சமதளமாக அமைவதற்கே இந்த ஏற்பாடு. ஒட்டுக்கத்தியைக் கயிறு வெட்டவோ கம்பி சீவவோ பயன்படுத்தினால் விளிம்பு கெட்டு, ஒட்டு சேராமல் போகும். ஆகவே இதனைத் தனியாக வைத்துக்கொள்வது மரபு.

ஊர்க் கொல்லர்கள் பழைய சரக்குந்தின் வில்பட்டைகளை வாங்கி அரிவாளும் கத்தியும் அடிப்பதுண்டு. வில்பட்டை பொதுவாக 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை கரிமமுள்ள எஃகு. சரியாகத் தோய்த்து வாட்டினால் கடையில் கிடைக்கும் பெயரற்ற மடக்குக் கத்தியைவிடத் தரமானது. கரடுமுரடான வேலைக்குக் கொல்லர் அடித்த சிறு அரிவாளும், நுண்ணிய வேலைக்கு எளிய மடக்குக் கத்தியும் வைத்துக்கொள்வது, ஒரே விலையுயர்ந்த கத்தியை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதைவிடச் சிக்கனமானது.

குறைந்த விலையில் தேர்ந்தெடுத்தல்

மலிவான கத்திகளில் செலவு பெரும்பாலும் தோற்றத்துக்கே போகிறது. கண்ணாடி உடைப்பான், திசைகாட்டி, வண்ணப் பூச்சு ஆகியவை வெட்டும் திறனைக் கூட்டுவதில்லை. தைட்டானியம் எனக் குறிக்கப்படுவது பல வேளைகளில் மேற்பூச்சு மட்டுமே. அலைவரி கொண்ட டமாசுக்கசு அலகுகளில் சில, சாதாரண எஃகின் மீது அமிலத்தால் பொறிக்கப்பட்டவை. துருப்பிடிக்காத எஃகு என்று மட்டும் பொறித்து வகையைக் குறிப்பிடாத கத்தியின் தரத்தை முன்கூட்டி அறிய இயலாது.

வாங்கும் முன் செய்யத்தக்க சோதனைகள்:

1. அலகை விரித்து, முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தல். ஆட்டம் தெரியக்கூடாது. அச்சாணி திருகாக இருந்தால் பின்னர் இறுக்கிக்கொள்ளலாம்; தறையப்பட்டிருந்தால் இயலாது.

2. அலகைப் பூட்டி, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக்கொண்டு, அதன் முதுகை மேசை விளிம்பில் அழுத்துதல். பூட்டு விலகினால் அக்கத்தியைத் தவிர்த்தல் வேண்டும்.

3. உட்தகட்டுப் பூட்டாயின், தகடு வாலின் அகலத்தில் கால் பங்குக்குக் குறையாமல் படிந்துள்ளதா எனப் பார்த்தல்.

4. மடக்கிய நிலையில் அலகு நடுவே அமைகிறதா, கூர்முனை முழுவதும் உள்ளே அடங்குகிறதா எனப் பார்த்தல்.

5. வேர்வையோடு பிடித்தாலும் கை நழுவாத கைப்பிடியா எனப் பார்த்தல். வழவழப்பான உலோகத்தைவிட மரமோ சொரசொரப்பான நெகிழியோ நல்லது.

பராமரிப்பு

பயன்படுத்தியபின் அலகைத் துடைத்து உலர்த்திய பிறகே மடக்க வேண்டும். அச்சாணிக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். உணவு வெட்டும் அலகில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகப் பூசலாம். மரக் கைப்பிடி நீரில் ஊறினால் உப்பி, அலகு திறக்காமல் இறுகிவிடும்.

கையால் தீட்டும் கல்லே சிறந்தது. மின்சாணையில் அழுத்திப் பிடிக்கும்போது விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால், அப்பகுதி தன் பதத்தை இழந்துவிட்டது என்பது பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

பாதுகாப்பு

மடக்குக் கத்தி விபத்துகளில் ஒரு வகை, குத்தும்போதோ முறுக்கும்போதோ அலகு மடங்கி விரல்களின் உட்புறத்தை அறுப்பதாகும். விரலை மடக்கும் தசைநாண்கள் அங்கே தோலுக்கு அருகில் உள்ளன. அவை அறுபட்டால் வெளிக்காயம் ஆறினாலும் விரல் மடங்காது. எனவே காயத்துக்குப் பின் விரலை மடக்க இயலாவிடில், கட்டுப்போட்டு விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மண் பட்ட கத்தியால் ஏற்படும் காயத்துக்கு ஏற்புவலித் தடுப்பூசி தேவையா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் கத்திகளுக்குப் பொருந்தும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் படைக்கல வகையில் வருகின்றன. வீட்டு, வேளாண்மை, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவை இதற்கு விலக்கு. தில்லியில் 1980ஆம் ஆண்டின் அறிவிக்கை ஒன்று, பொத்தானாலோ வில்லாலோ திறக்கும் கத்திகளுக்கு 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் எனக் கடுமையான வரம்பு விதித்தது. எனவே பொத்தானை அழுத்தினால் தானே விரியும் கத்தியைத் தவிர்ப்பது நல்லது. வானூர்தியில் கத்தியைக் கைப்பையில் எடுத்துச் செல்ல இயலாது. சரக்காக ஒப்படைக்கும் பெட்டியிலேயே வைக்க வேண்டும்.

ஐக்கிய இராச்சியத்தில் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்லத்தக்கது 3 அங்குலம் வரை அலகுடைய, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டுமே. தமிழ்நாட்டுத் தோப்பில் பாதுகாப்பானதாகக் கருதப்படும் பூட்டுள்ள கத்தி, அங்கு வழக்குக்கு உள்ளாகக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

அரிவாள்
சாணைக்கல்
துருப்பிடிக்காத எஃகு
ஒட்டுக்கட்டுதல்
கிருஷ்ணகிரி மாவட்டம்