காகிதத் துண்டும் குரோமியமும்

தாம்பரத்திலிருந்து சென்னை நோக்கி மின்சார வண்டியிற் செல்வோர், பல்லாவரத்தை அடையுமுன் குரோம்பேட்டை என்னும் நிலையத்தைக் கடப்பர். முன்னாளில் அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது அப்பெயர். ஊர்ப்பெயரிற் புகுந்த அவ்வுலோகம் உழைப்பாளியின் உடலிலும் புகுந்துளதா என்பதைக் காகிதத் துண்டொன்றால் அறியக்கூடுமோ? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

குரோமியம் பெரும்பாலும் இரு நிலைகளிற் காணப்படும். தோல் பதனிட உதவும் மூவிணைதிறக் குரோமியம் தீமை குறைந்தது. அறுவிணைதிறக் குரோமியமோ கொடியது. மூக்கின் நடுத்தடுப்பைப் புண்ணாக்கும். நுரையீரற் புற்றுநோய்க்கும் ஏதுவாகும். முலாம் பூசும் பட்டறைகளிலும், துருவேறா எஃகைப் பற்றவைக்கும் இடங்களிலும் பணிபுரிவோர் இதனைச் சுவாசிக்க நேரும். அவர்தம் சிறுநீரிற் குரோமியத்தை அளக்க இன்று பெருவிலைக் கருவிகளும் பயின்ற வல்லுநரும் வேண்டும். நாட்கூலி பெறுவோர்க்கு இவை எளிதில் எட்டுவனவல்ல.

இனி, காகிதம் செய்யும் உதவி யாதெனின், விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல அதன் நார்கள் நீர்மத்தைத் தாமே ஈர்க்கும், விசை வேண்டுவதில்லை. வடிதாளில் மெழுகால் வரம்பு கட்டினால், வயலில் வாய்க்கால் வழி நீர் பாய்வதுபோல, துளி குறித்த இடத்தையே சேரும். 2007-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் ஒளிவினைப் பிசினால் இத்தகைய வரம்பு அமைத்து, சர்க்கரையையும் புரதத்தையும் சோதித்துக் காட்டினர்.

குரோமியத்திற்கு உரிய வினைப்பொருள் டைபினைல்கார்பசைடு என்பது. அமிலத்தின் முன்னிலையில் அறுவிணைதிறக் குரோமியம் அதனோடு கூடின் ஊதா நிறம் தோன்றும். நிறத்தின் செறிவைக் கொண்டு அளவை மதிப்பிடலாம்.

நிற்க. இங்கு ஓர் இடர் உண்டு. உடலிற் புகுந்த அறுவிணைதிறக் குரோமியம் மூவிணைதிறமாக மாறிவிடும். சிறுநீரில் வெளிப்படுவது அதுவே. அதனோடு இவ்வினைப்பொருள் நிறங்காட்டாது. ஆதலின் சீரியம் உப்பு ஒன்றைக் காகிதத்தின் வழியில் முன்னரே இட்டு, குரோமியத்தை மீண்டும் அறுவிணைதிறமாக்கல் வேண்டும். மற்றோர் இடர், அளவின் சிறுமை. ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராமே இருப்பின் நிறம் கண்ணுக்குப் புலப்படாது. உலோகத்தை முதலிற் செறிவாக்கிக் கொள்ளுதல் இன்றியமையாதது.

ஆகவே, காகிதம் இறுதித் தீர்ப்புக் கூறும் நீதிபதியன்று. ஐயுறற்குரியாரைப் பிரித்துக் காட்டும் காவலாளியே. நிறங் கண்டோரைப் பெருங்கருவிச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். நிறங் காணாமையால் தீங்கில்லையென முடிவு செய்தலும் தகாது. இவ்வெல்லையை உணர்ந்து இக்கலையை வளர்ப்பின், பட்டறை வாயிலிலேயே ஆராய்ச்சி தொடங்கும். நோய் முற்றுமுன் உழைப்பாளி தன் நிலையை அறிவான். வேதியியல் பயிலும் நண்பர்கள் இதனைக் கருதுவாராக.