வயிற்றில் கரையும் புளி

1822 ஜூன் 6. அமெரிக்காவின் மெக்கினாக் தீவில், தோல் வியாபாரக் கடையொன்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு பாய்ந்தது அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலியாளின் இடது விலாவில். ஆள் பிழைத்துக்கொண்டார், இரைப்பையில் விழுந்த ஓட்டை மட்டும் மூடவேயில்லை. வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அதையே சன்னலாக்கிக்கொண்டார். இறைச்சித் துண்டைப் பட்டுநூலில் கட்டி உள்ளே இறக்குவார். சற்று நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார். இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? செயின்ட் மார்ட்டினுக்கும் வந்தது. கோபம் வந்தால் செரிமானம் கெடுவதையும் பியூமாண்ட் விடாமல் குறித்துவைத்தார். 1833-ல் அது நூலாக வந்தது.

பரீட்சை மணிக்கு முன்னால் கழிப்பறைக்கு ஓடியவர்களுக்கு, மனம் வயிற்றை ஆட்டுவது புதிதல்ல. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வதும் இதைத்தான். பயந்தால் இரைப்பை மந்தமாகிவிடும், பெருங்குடலோ முடுக்கிக்கொள்ளும்.

ஆனால் குடல் வெறும் ஏவலாள் அல்ல. அதன் சுவரில், தசை அடுக்குகளுக்கு இடையே, 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டிவிட்டாலும் நாயின் குடல் உணவைத் தள்ளுகிறது என்று பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1899-லேயே காட்டினார்கள். உள்ளே ஒரு கவளம் அழுத்தினால் போதும்: அதற்கு மேலே குடல் சுருங்கும், கீழே தளரும்.

மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் ஐந்து இழைகளுக்கு நான்கு, சேதியை மேலே கொண்டுபோகிறவை. கெட்டுப்போன குழம்பைச் சாப்பிட்டால் குடல் செல்கள் செரடோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். அது வேகஸின் நுனியை உசுப்ப, மூளையில் குமட்டல் கிளம்பும். வாந்திக்குத் தரும் ஆன்டன்செட்ரான் மாத்திரை இந்தச் சேதியைத்தான் மறிக்கிறது. உடலின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் இருப்பதால் மகிழ்ச்சியே வயிற்றில்தான் ஊறுகிறது என்று சிலர் அளப்பதை நம்ப வேண்டாம். குடல் செரடோனின் ரத்தம் வழியே மூளைக்குள் நுழைவதில்லை.

மூளைக்கும் குடலுக்கும் இடையிலான இந்தச் சேதிப் போக்குவரத்து குழம்பும் நோய்களில் ஒன்று ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோய். (போலீஸ் வேலையைச் சொல்லவில்லை.) வலி, உப்புசம், ஒருநாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. "எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தால், மற்றவர்கள் சும்மா இருக்கும் அளவிலேயே இவர்களில் பலர் வலியில் முகம் சுளிப்பார்கள். நரம்பு அவ்வளவு கூர்மையாகிவிட்டது. அந்தக் கூர்மையைத் தணிக்கத்தான் மனச்சோர்வு மாத்திரையைச் சிலருக்குக் குறைந்த அளவில் எழுதித் தருகிறார்கள். மருந்துக்கடையில் பெயரைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம், அது வயிற்றுவலிக்குத்தான்.