ஃப்ரேம் போட்டு மாட்டிய செக்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற கணினியியல் பேராசிரியர் டொனால்ட் கனூத்தின் புத்தகத்தில் யாராவது ஒரு பிழையைக் கண்டுபிடித்து முதல் ஆளாகச் சொன்னால், முன்பெல்லாம் 2.56 டாலருக்கு ஒரு செக் அனுப்பி வைப்பார். அது என்ன கணக்கு? 256 சென்ட் என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 100. ஆகவே அது ‘ஒரு ஹெக்ஸாடெசிமல் டாலர்’ என்பார் கனூத். கம்ப்யூட்டர்காரர்களின் நகைச்சுவை அப்படித்தான் இருக்கும். புத்தகங்களை அச்சுக்கோக்க அவரே எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்ட ‘டெக்’ மென்பொருளுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. அங்கே பிழைக்கான தொகை ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பாகி, 327.68 டாலரில் போய் நின்றது.

செக் வாங்கிய பலர் பேங்க் பக்கமே போகவில்லை. ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். செக்கில் இருக்கும் அக்கவுன்ட் எண்ணை வைத்து மோசடிக்காரர்கள் விளையாட ஆரம்பித்ததும், 2008-இல் கனூத் நிஜ செக் அனுப்புவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு ‘சான் செரிஃப்’ என்ற தீவு நாட்டின் வங்கி பெயரில் ஒரு சான்றிதழ்தான் வருகிறது. அப்படி ஒரு நாடே கிடையாது. 1977-இல் ஏப்ரல் முதல் தேதி அன்று வாசகர்களை ஏமாற்ற பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை கட்டிவிட்ட கற்பனை நாடு அது. எந்த பேங்கிலும் மாற்ற முடியாத அந்தச் சீட்டுக்கும் மவுசு குறையவில்லை.

காரணம், அது வருகிறது என்றால் கனூத் உங்கள் கடிதத்தைப் படித்திருக்கிறார், பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார், ‘நீங்கள் சொன்னது சரி’ என்று ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உலகத்தில் ஒருவருக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வந்த தாள் அது.

டெக் போன்ற திறமூல மென்பொருள்களின் உலகம் சம்பளமில்லாத உழைப்பில் பெருமளவு ஓடுகிறது. பிழை திருத்துபவர், கையேடு எழுதுபவர், மெனுவில் உள்ள சொற்களைத் தமிழாக்குபவர் என்று பலரும் ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து செய்கிறவர்கள்தான். இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்ற கேள்வி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிய லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களிடம், பணம் வேண்டாம், உங்கள் ஊரிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள் என்றார். கம்ப்யூட்டரையே தவணையில் வாங்கியிருந்த நேரம் அது. கார்டுகள் நியூசிலாந்து, ஜப்பான் என்று எங்கெங்கிருந்தோ வந்தன. பிறகு பயனர்களே தங்களுக்குள் வசூல் செய்து அவர் தவணைக் கடனையும் அடைக்க உதவினார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு.

கம்பெனிகள் உள்ளே வந்த பிறகு நன்றி சொல்வது சிக்கலான விஷயமாகிவிட்டது. 1999 ஆகஸ்டில் ரெட் ஹேட் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, லினக்ஸை உருவாக்கிய தன்னார்வலர்களுக்கும் 14 டாலர் வெளியீட்டு விலையிலேயே பங்கு ஒதுக்கத் தீர்மானித்தது. நல்ல மனதோடு எடுத்த முடிவு, சந்தேகமில்லை. ஆனால் அழைப்பு ஈமெயிலில் வந்தது. இது ஏதோ மோசடி என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. நம்பியவர்கள் ஆன்லைன் புரோக்கர் நிறுவனத்தில் கணக்குத் தொடங்கப் போனால், ‘உங்களுக்கு முதலீட்டில் எத்தனை வருட அனுபவம்? வருமானம் எவ்வளவு?’ என்று கேள்விப் படிவம். புதியவர்களை அதிக ரிஸ்க் உள்ள பங்குகளிலிருந்து காப்பாற்றுவதற்கான விதிகள் அவை. கல்லூரி மாணவரிடம் என்ன முதலீட்டு அனுபவம் இருக்கும்? உண்மையைச் சொன்னவர்கள் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். பெரிய சலசலப்புக்குப் பிறகு சிலருக்கு மறுவாய்ப்பு கிடைத்தது. வர்த்தகத்தின் முதல் நாள் முடிவில் அந்தப் பங்கு 52 டாலரில் நின்றது. பரிசு வாங்கப் போய் கேட்டிலேயே நிறுத்தப்பட்டவர்களின் கசப்பு அன்றைய கட்டுரைகளில் இன்னமும் படிக்கக் கிடைக்கிறது.

பங்கை விட எளிதானது டி-ஷர்ட். அதிலும் ஒரு விபத்து நடந்தது. டிஜிட்டல் ஓஷன் என்ற கிளவுட் நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் ‘ஹேக்டோபர்ஃபெஸ்ட்’ என்ற விழாவை நடத்துகிறது. அந்த மாதத்துக்குள் திறமூலத் திட்டங்களுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ‘புல் ரிக்வெஸ்ட்’, அதாவது திருத்தக் கோரிக்கை, அனுப்பினால் அப்போதெல்லாம் டி-ஷர்ட் வீடு தேடி வரும். 2020-இல் நான்கு கோரிக்கை போதும். முதல் 70,000 பேருக்கு டி-ஷர்ட், வேண்டாம் என்றால் அவர்கள் பெயரில் ஒரு மரக்கன்று.

அந்த வருடம் அக்டோபர் பிறந்ததுமே வெள்ளம் வந்துவிட்டது. இந்தியாவில் பிரபலமான ஒரு யூட்யூப் சேனல், கோரிக்கை அனுப்புவது எப்படி என்று செய்து காட்டியிருந்தது. பார்த்தவர்கள் அப்படியே செய்தார்கள். ‘எக்ஸ்பிரஸ்’ போன்ற புகழ்பெற்ற திட்டங்களின் முகப்புக் குறிப்பில் ‘அமேசிங் புராஜெக்ட்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, அதற்கு ‘இம்ப்ரூவ் டாக்ஸ்’ என்று தலைப்பு. ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, மூட வேண்டியவர் யார்? எந்தத் தன்னார்வலருக்கு நன்றி சொல்வதாக விழா நடந்ததோ, அதே பராமரிப்பாளர்தான். திட்டுகள் பறந்ததும் நிறுவனம் சில நாட்களிலேயே விதியை மாற்றியது: விரும்பிக் கை தூக்கும் திட்டங்களுக்கு அனுப்பினால் மட்டுமே கணக்கு. பிற்பாடு, 2023-இல், டி-ஷர்ட்டை விட்டு டிஜிட்டல் பேட்ஜுக்கு மாறினார்கள்.

கோரிக்கைகளை அனுப்பிக் குவித்த பையன்களைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான்கு கொடுத்தால் ஒன்று என்று விலையை அறிவித்தது அவர்களா? முன்கூட்டியே விலை சொன்ன மாத்திரத்தில் நன்றி கூலியாகிவிடுகிறது. கூலி என்று வந்துவிட்டால் குறைந்த உழைப்பில் வாங்கத்தான் யாரும் பார்ப்பார்கள். போதாததற்கு சட்டையில் நிறுவனத்தின் லோகோ வேறு. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதுகிற பழக்கம் அமெரிக்காவிலும் இருக்கிறது போலும்.

வெளிநாட்டுத் திட்டங்கள் அன்போடு அனுப்பும் பார்சலுக்கு நம் ஊரில் இன்னொரு கண்டம் உண்டு. முன்பெல்லாம் 5,000 ரூபாய் வரையிலான வெளிநாட்டுப் பரிசுகளுக்கு வரி இல்லை. ஆன்லைன் கடைகள் சரக்கையே ‘பரிசு’ என்று எழுதி அனுப்பியதால், 2019 டிசம்பரில் அரசு அந்தச் சலுகையை ரத்து செய்தது. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விலக்கு. இலவசமாக வந்த சட்டைக்கும் ஸ்டிக்கருக்கும் கொரியர்காரரிடம் கஸ்டம்ஸ் டூட்டி கட்ட வேண்டும் என்றால், நன்றி சொன்னவரை என்ன சொல்வது!

பார்சலே வேண்டாத பரிசு ஒன்று 2021-இல் வந்தது. செவ்வாய்க் கிரகத்தில் ‘இன்ஜெனுயிட்டி’ என்ற குட்டி ஹெலிகாப்டர் பறந்தது. அதன் பின்னணியில் இருந்த திறமூல நிரல்களில் ஒரு வரியாவது எழுதியவர்கள் யார் என்று நாசாவும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பும் சேர்ந்து தேடி, ஏறக்குறைய 12,000 பேரின் பக்கங்களில் ஒரு பேட்ஜ் குத்திவிட்டன. தான் என்றோ சரிசெய்த ஒரு பிழை செவ்வாய் வரை போனது அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரியும். யாரும் அதற்காக உழைக்கவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை. அதனாலேயே அது இனித்தது. ஒரு குறை உண்டு: கணக்கெடுத்தது நிரல் சேர்த்தவர்களை. புதியவர்களின் சந்தேகத்துக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர் இந்த மாதிரிக் கணக்கில் வருவதே இல்லை.

சட்டை, பேட்ஜ் எல்லாம் இருக்கட்டும். பராமரிப்பாளர்களுக்கு உண்மையில் எது தேவை என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் திருடர் என்பதுதான் கொடுமை. ‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி; லினக்ஸ் ஓடும் பெரும்பாலான இடங்களில் இருப்பது. அதைப் பல ஆண்டுகளாகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, மனநலமும் சரியில்லை என்று 2022-இல் வெளிப்படையாகவே எழுதினார். வேலை மெதுவாகப் போகிறது என்று முகம் தெரியாத சிலர் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சற்று முன்பிருந்தே ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் உருப்படியான திருத்தங்களோடு தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, கடைசியில் சர்வர்களுக்குள் புகும் பின்வாசல் ஒன்றைச் செருகினார். 2024 மார்ச் மாதத்தில், சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஒரு பொறியாளர் குடைந்து பார்த்ததால்தான் உலகம் தப்பியது.

யார் அனுப்பிய ஆள் அது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தத் தனியாளுக்கு டி-ஷர்ட் அனுப்பி எதையும் சாதிக்க முடியாது, கூட உட்கார்ந்து வேலை செய்ய ஆள் வேண்டும் என்பது அந்தத் திருடருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கருவியை நம்பிப் பிழைத்த பெரிய கம்பெனிகளுக்குத் தெரியவில்லை. ஒரு இன்ஜினியரை வாரத்தில் ஒரு நாள் அனுப்பியிருந்தாலே போதும்.

சரி, பணமாகவே கொடுத்துவிட்டால்? டெபியன் என்ற லினக்ஸ் திட்டத்தில் 2006-இல் இரண்டு பேருக்கு மட்டும் சம்பளம் கொடுத்து வெளியீட்டை விரைவுபடுத்தப் பார்த்தார்கள். ‘அப்போது நாங்கள் யார்?’ என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். டிசம்பரில் வரவேண்டிய பதிப்பு அடுத்த ஏப்ரலில் வந்தது. அதே டெபியன், ஆண்டு மாநாட்டுக்கு வர வசதியில்லாத பங்களிப்பாளர்களுக்குப் பயணச் செலவு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் தருகிறது. இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. விண்ணப்பத்தில் ‘நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள். அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். 2023 செப்டம்பரில் அந்த மாநாடு கொச்சியில் நடந்தது. அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரத்தில் அதன் சிறிய பதிப்பு. இந்தியாவிலிருந்து விசாவுக்கு அலைந்து ஐரோப்பா போக முடியாதவர்களுக்கு, மெயிலில் மட்டுமே பார்த்திருந்த பெயர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட அந்த முறை ரயில் டிக்கெட்டே போதுமாக இருந்தது.