கொடையா, கடமையா?

சென்னைக் கோட்டையிலே செல்வம் குவித்த ஒரு வெள்ளைக்காரனின் பெயர், இன்று அமெரிக்க நகரமொன்றின் நெற்றியிலே எழுதப்பட்டிருக்கிறது. எலிஹு யேல் என்பான் அவன். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். பதவியால் பை நிரப்பினான் என்று குற்றச்சாட்டு எழ, கம்பெனியே அவனை விலக்கியது. 1718-ல் அவன் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை விற்று, ஏறத்தாழ 562 பவுன் பெற்றது கனெக்டிகட்டில் ஒரு சிறு கல்லூரி. நன்றிக்கு அவன் பெயரையே சூட்டிக்கொண்டது. கொடுத்தது கொஞ்சம், பெயரோ முந்நூறு ஆண்டு!

கொடையின் இலக்கணம் அதுதான், தோழர்களே! கொடுப்பவன் நிமிர்கிறான், வாங்குபவன் குனிகிறான்.

அந்தக் கல்லூரிதான் இன்றைய யேல் பல்கலைக் கழகம். 2024 ஜூன் இறுதியில் அதன் மூலதன நிதி 4,140 கோடி டாலர். அது அமைந்துள்ள நியூ ஹேவன் நகரிலே ஏறத்தாழ 1,34,000 மக்கள். அவர்களிலே ஏழைகள் ஏராளம். பல்கலைக் கழகம், மருத்துவமனை, அரசு நிலம் என்று நகரச் சொத்து மதிப்பிலே பாதிக்கு மேல் வரிவிலக்குப் பெற்றது. விலக்குப் பெற்றவன் தராததை யார் தருவது? வீட்டுக்காரன் தருகிறான்; வாடகை வழியே குடியிருப்பவன் தருகிறான்.

யேல் ஒன்றுமே தரவில்லையா? தருகிறது, மறைக்க மாட்டோம். கடைகளும் வாடகைக் கட்டிடங்களுமான சொத்துக்கு வரி கட்டுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகளின் உதவித் தொகைக்கு 2010 முதல் பணம் தந்து வந்திருக்கிறது. வரியிழப்பிலே ஒரு பங்கை மாநில அரசும் ஈடு செய்கிறது. 2021 நவம்பரில், ஆறு ஆண்டுகளில் மொத்தம் சுமார் 13.5 கோடி டாலரை நகரத்துக்குத் 'தாமாக முன்வந்து' தர யேல் இசைந்தது.

கணக்குப் பார்ப்போம். ஆண்டுக்கு இரண்டேகால் கோடி. பத்தாயிரம் டாலர் வைத்திருப்பவன் ஆண்டுக்கு ஐந்தரை டாலரும் தராததற்குச் சமம் இது! அதே உடன்பாட்டில், பல்கலைக் கழக வளாகத்தை ஊடுருவிச் செல்லும் ஹை ஸ்ட்ரீட்டின் ஒரு பகுதி, நடப்பவர்களுக்கு மட்டுமான பாதையாக்கப்படும் என்பதும் சேர்ந்தே வந்தது.

வரி என்றால் சட்டம் கேட்கும். கொடை என்றால் மேயர் கேட்க வேண்டும். கேட்கும் மேயர் எவ்வளவு உரத்துக் கேட்பார்? நாம் சுட்டுவது இதைத்தான். தனி மனிதர் நேர்மையைப் பற்றிய பேச்சல்ல இது. முறையின் கோணலைப் பற்றிய பேச்சு.

செல்வாக்கு பணத்தோடு நின்றதுமில்லை. 1831-ல் கறுப்பு இளைஞர்களுக்கென அந்நகரில் ஒரு கல்லூரி எழுப்ப எண்ணினர். நகரக் கூட்டம் கூடியது. 700 வாக்கு எதிர்ப்பு. ஆதரவு நான்கே நான்கு! எதிர்த்தோர் முன்னணியிலே நின்றவர் டேவிட் டாகெட், யேல் சட்டக் கல்லூரியை உருவாக்கியவர்களுள் ஒருவர். அறிவாலயத்தின் அறிஞரே அடுத்தவன் அறிவுக் கதவை அடைக்கத் துணை நின்றார்!

ஆனால் அந்நகரின் உழைப்பாளி ஓய்ந்து விடவில்லை. 1984-ல் யேலின் எழுத்தர்களும் தொழில் நுட்ப ஊழியர்களும், பெரும்பாலோர் பெண்கள், பத்து வாரம் வேலை நிறுத்தம் செய்தனர். சமையற்கூட, பராமரிப்புத் தொழிலாளரின் சங்கம் மறியல் எல்லையைத் தாண்ட மறுத்துத் தோள் கொடுத்தது. 2011-ல் அச்சங்கங்களின் ஆதரவு பெற்ற வேட்பாளர்கள், 30 இடங்கள் கொண்ட நகர மன்றத்திலே பெரும்பான்மை பெற்றனர். 2015-ல் மன்றத் தலைமை இருக்கையில் அமர்ந்தவர் யார் தெரியுமா? யேல் சமையற்கூடத்திலே சமைத்த பெண்! அந்த ஆண்டிலேயே, நகரவாசிகளுக்கு ஆயிரம் வேலை தருவதாகப் பல்கலைக் கழகம் வாக்களித்தது. அடுப்படியில் நின்ற கை, சட்ட மேசையைத் தட்டிற்று. மாளிகை செவி சாய்த்தது.

கல்விக்கு நாம் பகைவரல்லர். பல்கலைக் கழகம் ஓங்கட்டும்; நூலகம் விரியட்டும். ஆனால் அதன் குப்பையை அள்ளுவதும், தீயை அணைப்பதும், தெருவைக் காப்பதும் நகரம்தானே? அதற்குரிய பங்கு எவ்வளவு என்பதைக் கொடுப்பவர் மனம் மட்டுமே முடிவு செய்யலாகாது. மக்கள் மன்றமும் முடிவு செய்ய வேண்டும்.

கெஞ்சிப் பெறுவது கொடை. வாக்கும் சங்கமும் சேர்ந்து பெறுவது உரிமை. நியூ ஹேவன் தொழிலாளி இதைக் கற்றுக்கொண்டான். செல்வம் நிற்கும் ஊர்களிலெல்லாம் உழைப்பவன் கற்க வேண்டிய பாடம் இது.